முந்திய வரி, பிந்திய வசதி: புணே புறநகர் கிராமங்களின் வீட்டு வரிச் சிக்கல்

புணே: மகாராஷ்டிர மாநிலம் புணே மாநகராட்சியுடன் 2017 அக்டோபரில் 11 கிராமங்களும், 2021 ஜூன் 30ஆம் தேதி மேலும் 23 கிராமங்களும் இணைக்கப்பட்டன. இதனால் மாநகராட்சியின் பரப்பளவு சுமார் 516 சதுர கிலோமீட்டராக உயர்ந்து, அப்போது மும்பையையே விஞ்சியது. இணைப்பு அறிவிக்கை வெளியான நாளில் அக்கிராமங்களில் புதிய சாலை எதுவும் போடப்படவில்லை. புதிய குடிநீர்க் குழாயும் பதிக்கப்படவில்லை. உடனடியாக மாறியது ஒன்றுதான். வீட்டு வரி விதிக்கும் அதிகாரம் ஊராட்சி அலுவலகத்திலிருந்து மாநகராட்சித் தலைமையகத்துக்குச் சென்றது.

அன்று தொடங்கிய வரிப் பிரச்சினை, இரண்டு கிராமங்கள் மாநகராட்சியிலிருந்து மீண்டும் பிரிந்து செல்லும் அளவுக்கு வளர்ந்தது. மாநில அரசே தலையிட்டு வரி வசூலை நிறுத்திவைக்கவும் நேர்ந்தது. "வரி அதிகம்" என்ற முழக்கம்தான் வெளியில் கேட்கிறது. ஆனால் வரியின் அளவைவிட, வரி, வசதி, வாக்குரிமை ஆகிய மூன்றும் எந்த வரிசையில் வந்தன என்பதே இச்சிக்கலின் உண்மையான மையம்.

கிராமத்தில் வரி எப்படி?

மகாராஷ்டிரத்தில் ஊராட்சிகள் 1958ஆம் ஆண்டின் கிராம பஞ்சாயத்துச் சட்டத்தின்படி வீட்டு வரி விதிக்கின்றன. மக்கள் வழக்கில் இது "கர்பட்டி" என்று அழைக்கப்படுகிறது. வீட்டின் பரப்பளவை மட்டும் அளவுகோலாகக் கொண்ட பழைய முறையை மும்பை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்ததைத் தொடர்ந்து, 2015 டிசம்பர் 31ஆம் தேதி விதிகள் திருத்தப்பட்டன. அதன்படி, மூலதன மதிப்பே வரிக்கு அடிப்படை.

அரசு வெளியிடும் வழிகாட்டி மதிப்பின்படி மனையின் மதிப்பு முதலில் கணக்கிடப்படும். அதனுடன் கட்டடத்தின் மதிப்பு சேர்க்கப்படும். மண் சுவரா, செங்கல் சுவரா, கான்கிரீட் கூரையா என்பதற்கேற்பக் கட்டுமானச் செலவு மாறும். கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும். குடியிருப்பா, கடையா என்பதும் கணக்கில் கொள்ளப்படும். இவ்வாறு கிடைக்கும் மொத்த மதிப்பில் ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு என்று வரி விதிக்கப்படுகிறது.

இந்த விவரங்கள் ஊராட்சியின் "நமுனா 8" என்ற பதிவேட்டில் எழுதப்படும். நத்தம் பகுதியில் வாழும் பல குடும்பங்களுக்குத் தங்கள் வீட்டுக்குச் சான்றாகக் காட்ட இந்தப் பதிவேட்டின் நகலைத் தவிர வேறு ஆவணம் இருந்ததில்லை. விளைநிலத்துக்கு "சாத்-பாரா" எனப்படும் 7/12 பதிவு உண்டு. நத்தத்து வீட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. எனவே, வரி ரசீது என்பது கிராமவாசிக்குச் சொத்துரிமையின் அடையாளமும் ஆகும்.

இக்குறையை நீக்குவதற்காக மத்திய அரசு 2020 ஏப்ரல் 24ஆம் தேதி "ஸ்வாமித்வ" திட்டத்தைத் தொடங்கியது. ஆளில்லா விமானம் மூலம் நத்தப் பகுதிகளை அளந்து, வீட்டு உரிமையாளர்களுக்குச் சொத்து அட்டை வழங்கும் திட்டம் இது. இதற்கு முன்னோடியான அளவைப் பணி புணே மாவட்டம் புரந்தர் வட்டத்தில் உள்ள சோனோரி கிராமத்தில்தான் நடைபெற்றது. சொத்துரிமையை உறுதி செய்வதோடு, ஊராட்சிகளின் வரி வருவாய்க்கு நம்பகமான பதிவேட்டை உருவாக்குவதும் இத்திட்டத்தின் நோக்கம்.

மாநகராட்சியின் கணக்கு

புணே மாநகராட்சியின் அளவுகோல் முற்றிலும் வேறு. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் பராமரிப்புக்கென 10 சதவீதத்தைக் கழித்து, எஞ்சிய தொகையின் மீது வரி விதிக்கப்படுகிறது. பொது வரி, குடிநீர் வரி, துப்புரவு வரி, தீயணைப்பு வரி, மர வரி எனப் பல இனங்கள் ஒரே கேட்புச் சீட்டில் இடம்பெறும். மாநில அரசுக்குச் சேர வேண்டிய கல்வி வரியையும் மாநகராட்சியே வசூலித்துத் தருகிறது.

கிராமத்தில் மூலதன மதிப்பு, நகரத்தில் வாடகை மதிப்பு. மும்பை மாநகராட்சி 2010ஆம் ஆண்டிலேயே மூலதன மதிப்பு முறைக்கு மாறிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. வாகோலியிலோ மாஞ்சரியிலோ உள்ள ஒரு வீடு, ஊராட்சியில் இருந்தபோது ஒரு கோலாலும் மாநகராட்சிக்குள் வந்தபின் வேறொரு கோலாலும் அளக்கப்படுகிறது. இரண்டு கேட்புச் சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் குடும்பத் தலைவருக்கு, வரி ஏன் இத்தனை மடங்கு உயர்ந்தது என்பது விளங்காமல் போவதில் வியப்பில்லை.

சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு மாநகராட்சி தரும் சலுகையிலும் குழப்பம் நேர்ந்தது. 1970ஆம் ஆண்டு முதல் இவர்களுக்கு வரி மதிப்பில் 40 சதவீதம் தள்ளுபடி அளிக்கப்பட்டு வந்தது. தணிக்கையில் எழுந்த ஆட்சேபத்தால் 2019இல் இச்சலுகை நிறுத்தப்பட்டது. 2023இல் மாநில அமைச்சரவை அதை மீண்டும் வழங்க முடிவு செய்தது. எனினும், 2019 ஏப்ரலுக்குப் பின் மதிப்பீடு செய்யப்பட்ட வீடுகளின் உரிமையாளர்கள் "பி.டி.3" என்ற படிவத்தைச் சான்றுகளுடன் அளித்தால்தான் சலுகை கிடைக்கும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. புதிதாக இணைந்த கிராமங்களின் வீடுகளில் பெரும்பகுதி இந்த வகையிலேயே அடங்கும். படிவம் பற்றி அறியாதவர் முழு வரியையும் செலுத்த வேண்டியதுதான்.

ஐந்தாண்டுப் படிக்கட்டு

இந்த அதிர்ச்சியைத் தணிக்கச் சட்டத்திலேயே ஏற்பாடு உண்டு. மகாராஷ்டிர மாநகராட்சிகள் சட்டத்தின் 129-ஏ பிரிவு, புதிதாகச் சேர்க்கப்பட்ட பகுதியில் முதல் ஆண்டு பழைய ஊராட்சி வரியையே வசூலிக்க வேண்டும் என்கிறது. இரண்டு வரிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஆண்டுக்கு 20 சதவீதமாகக் கூட்டி, ஐந்து படிகளில் மாநகராட்சி வரியை எட்ட வேண்டும்.

எளிய எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டுக்கு ஊராட்சி வரி ரூ. 2,000 என்றும், மாநகராட்சி வரி ரூ. 12,000 என்றும் கொள்வோம். வேறுபாடு ரூ. 10,000. முதல் ஆண்டு ரூ. 2,000, இரண்டாம் ஆண்டு ரூ. 4,000, மூன்றாம் ஆண்டு ரூ. 6,000, இவ்வாறே உயர்ந்து ஆறாம் ஆண்டில் ரூ. 12,000 ஆகும். 2021இல் சேர்ந்த கிராமங்களுக்கு இந்தப் படிக்கட்டு 2026-27ஆம் ஆண்டில் உச்சியைத் தொடும் கணக்கு.

படிக்கட்டு நியாயமானதாகவே தோன்றும். ஆனால் அது நாட்காட்டியை மட்டுமே பார்க்கிறது. ஓர் ஆண்டு கடந்தால் வரி ஒரு படி ஏறும். அந்த ஆண்டில் குழாய் வந்ததா, கழிவுநீர்க் கால்வாய் வந்ததா, குப்பை வண்டி வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. இந்த ஓட்டையில்தான் கிராமவாசிகளின் அதிருப்தி முழுவதும் குடிகொண்டிருக்கிறது.

மும்மடங்குச் சுமை

அனுமதியற்ற கட்டடங்களின் நிலை இன்னும் கடுமையானது. சட்டத்தின் 267-ஏ பிரிவின்படி, அனுமதியின்றிக் கட்டப்பட்ட வீட்டுக்குச் சொத்து வரியைப் போல இரு மடங்கு தொகை அபராதமாக விதிக்கப்படும். வரியும் அபராதமும் சேர்ந்தால் மும்மடங்கு. மேலே கண்ட எடுத்துக்காட்டு வீடு அனுமதியற்றது என்று முத்திரை குத்தப்பட்டால், ரூ. 12,000 என்பது ரூ. 36,000 ஆகிவிடும்.

புறநகர்க் கிராமங்களில் ஊராட்சியின் ஒப்புதலை மட்டும் பெற்றுக் கட்டப்பட்ட வீடுகள் ஏராளம். ஊராட்சி அவற்றுக்கு வரி விதித்தது, ரசீதும் கொடுத்தது. அந்த ரசீதையே அனுமதி என்று நம்பி, சேமிப்பையெல்லாம் முதலீடு செய்து இரண்டு சென்ட், மூன்று சென்ட் இடத்தில் வீடு கட்டியவர்கள் மாநகராட்சியின் பதிவேட்டில் விதிமீறியவர்கள் ஆனார்கள். அருகிலுள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சியில் இத்தகைய அபராதத்தை எதிர்த்து நீண்ட காலம் போராட்டம் நடந்தது. 2023இல் மாநில அரசு அங்கு நிலுவையிலிருந்த அபராதத்தைத் தள்ளுபடி செய்தது. ஆற்றுக்கு அக்கரையில் கிடைத்த சலுகை தங்களுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி, புணேயின் புதிய பகுதிகளில் இயல்பாகவே எழுந்தது.

நிலுவைக்கு மாதம் 2 சதவீதம் கூடுதல் தொகை விதிக்கப்படுவது மற்றொரு சுமை. ஆண்டுக்கு இது 24 சதவீதமாகிறது. வங்கிகளின் வீட்டுக் கடன் வட்டியைவிட இது பன்மடங்கு அதிகம்.

தண்ணீர் தந்த பாடம்

வரிக்கும் வசதிக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2025 ஜனவரி உணர்த்தியது. சிங்ககட் சாலையை ஒட்டிய நாந்தேட், கிர்கட்வாடி, தாயரி, நாந்தோஷி பகுதிகளில் கில்லன்-பாரே எனப்படும் நரம்பு நோய் பரவியது. சில வாரங்களில் புணே வட்டாரத்தில் நோய்க்கு உள்ளானதாகக் கருதப்பட்டோர் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. சுவாசக் கருவியின் துணையுடன் பலர் சிகிச்சை பெற்றனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. தில்லியிலிருந்து மத்திய சுகாதாரக் குழு அனுப்பப்பட்டது.

நோயாளிகள் சிலரின் மாதிரிகளில், மாசடைந்த நீராலும் உணவாலும் பரவும் கேம்பிலோபாக்டர் கிருமி கண்டறியப்பட்டது. வேறு காரணங்களும் பேசப்பட்டன. ஆனால் ஓர் உண்மையை யாரும் மறுக்க முடியவில்லை. கடக்வாஸ்லா அணையிலிருந்து இக்கிராமங்களுக்கு வந்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் எதையும் கடக்கவில்லை. நாந்தேட்டில் உள்ள கிணற்றில் சேர்த்து, குளோரின் கலந்து விநியோகிக்கப்பட்டது. அதே அணையின் நீர், பழைய நகரப் பகுதிக்குச் சுத்திகரித்து வழங்கப்படுகிறது. கிர்கட்வாடியும் நாந்தேடும் மாநகராட்சிக்குள் வந்து மூன்றரை ஆண்டுகள் கடந்திருந்தன. தாயரி வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அணைக்கு மிக அருகில் இருந்தும் சுத்திகரித்த நீருக்காகக் காத்திருக்கும் நிலை இது. வாகோலி போன்ற பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் தனியார் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. அங்கு வாழும் நடுத்தரக் குடும்பம் மாநகராட்சிக்கு வரியும் செலுத்தி, லாரிக்காரருக்கும் பணம் கொடுக்கிறது.

இதற்கிடையே நிர்வாகப் பொறுப்பிலும் பிளவு ஏற்பட்டது. 2021இல் சேர்ந்த 23 கிராமங்களுக்கும் திட்டமிடும் அதிகாரத்தை மாநில அரசு, 2015இல் அமைக்கப்பட்ட புணே பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையத்திடமே விட்டுவைத்தது. கட்டட அனுமதியும் அதற்கான மேம்பாட்டுக் கட்டணமும் ஆணையத்துக்கு. குடிநீரும் குப்பையும் சாலையும் மாநகராட்சிக்கு. கட்டணம் ஓரிடத்திலும் கடமை வேறிடத்திலும் இருந்ததால், குறைகளைக் கேட்கப் போனவர்கள் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே அலைய நேர்ந்தது.

வாக்கு இல்லாத வரி

கிராமவாசிகளிடம் முன்பு இருந்து, இணைப்புக்குப் பின் இல்லாமல் போனது மற்றொன்று உண்டு. ஊராட்சியில் வரியை உயர்த்தினால் கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கலாம். ஊராட்சித் தலைவரை வீட்டு வாசலிலேயே நிறுத்திக் கேட்கலாம். 2021 ஜூனில் ஊராட்சிகள் கலைந்தன. 2022 மார்ச்சில் புணே மாநகராட்சி மன்றத்தின் பதவிக் காலமும் முடிந்தது. பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு, வார்டு வரையறை தொடர்பான வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போனது. ஆணையரே நிர்வாகியாகவும் செயல்பட்டார். உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கண்டிப்பான உத்தரவு பிறப்பித்த பின்னரே, 2026 ஜனவரி 15ஆம் தேதி தேர்தல் நடைபெற்றது.

ஆக, 23 கிராமங்களின் மக்கள் நான்கரை ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லாத மாநகராட்சியின் வரி வரம்புக்குள் இருந்தனர். வரிப் படிக்கட்டின் ஐந்து படிகளில் நான்கு, இந்தக் காலத்துக்குள் வந்தவை. ஊராட்சிகளும் நகராட்சிகளும் மக்களாட்சியின் அடித்தளம் என்று கூறும் 73, 74ஆவது அரசியல் சாசனத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் ஆன்மாவுக்கு இதைவிட முரணான நிலை இருக்க முடியாது.

விலகிய இரண்டு கிராமங்கள்

அதிருப்தியின் அரசியல் விளைவு 2022 டிசம்பரில் வெளிப்பட்டது. 2017இல் இணைக்கப்பட்ட ஃபுர்சுங்கி, உருளி தேவாச்சி கிராமங்களைப் பிரித்துத் தனி நகராட்சி அமைக்க அப்போதைய முதலமைச்சர் ஏக்நாத் ஷிண்டே முடிவு செய்தார். புரந்தர் தொகுதியின் முன்னாள் அமைச்சர் விஜய் சிவ்தாரே, வரிச் சுமையை முன்வைத்து இக்கோரிக்கையை எழுப்பியிருந்தார். 2024இல் தனி நகராட்சி உருவானது. புணே நகரத்தின் குப்பையைப் பல்லாண்டுகளாகத் தாங்கிவந்த கிடங்கு அமைந்திருப்பது இக்கிராமங்களில்தான். நகரின் குப்பை முதலில் வந்தது. பின்னர் நகரின் வரி வந்தது. நகரின் வசதி மட்டும் வரவில்லை என்பதே அம்மக்களின் மனக்குறை.

மற்ற கிராமங்களுக்கு வேறு வழி காட்டப்பட்டது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மக்களவைத் தேர்தல் நெருங்கிய வேளையில், ஊராட்சி வரியைப் போல இரு மடங்குக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்ற யோசனையை அப்போதைய துணை முதலமைச்சர் அஜித் பவார் முன்வைத்தார். இக்கிராமங்களில் வரி வசூலை நிறுத்திவைக்கவும் மாநில அரசு உத்தரவிட்டது. மேலே கண்ட எடுத்துக்காட்டின்படி, இரு மடங்கு வரம்பு என்பது ரூ. 12,000க்குப் பதிலாக ரூ. 4,000.

இது நிம்மதி தரும் அறிவிப்புதான். ஆனால் நிறுத்திவைப்பது வேறு, தள்ளுபடி செய்வது வேறு. பதிவேட்டில் நிலுவை அப்படியே நிற்கும். வீட்டை விற்கவோ பெயர் மாற்றவோ முயலும் நாளில் அது வந்து வாசலில் நிற்கும் என்ற அச்சம் நீங்குவதில்லை.

மாநகராட்சியின் தரப்பு

மாநகராட்சியின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எஞ்சிய 32 கிராமங்களுக்கும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், சாலை, தெருவிளக்கு அமைக்கப் பெரும் தொகை வேண்டும். வரி வராமல் வேலை எப்படி நடக்கும் என்று அதிகாரிகள் கேட்கின்றனர். நுழைவுத் தீர்வையும் உள்ளாட்சி வரியும் ஒழிந்து, 2017இல் சரக்கு-சேவை வரி வந்தபின், மாநகராட்சிகள் தாமாக வசூலிக்கும் வருவாயில் சொத்து வரியே முதுகெலும்பு. 15ஆவது நிதிக் குழுவும், சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து வசூலை உயர்த்தும் மாநிலங்களின் நகராட்சிகளுக்கே மானியம் என்று நிபந்தனை விதித்தது. வரியைக் குறைக்கச் சொல்வது மாநில அரசியல். கூட்டச் சொல்வது தில்லியின் நிபந்தனை. இரண்டுக்கும் நடுவில் மாநகராட்சி.

இணைப்பு வேண்டாம் என்று எல்லோரும் சொன்னதுமில்லை. கிராமங்களை மாநகராட்சியுடன் சேர்க்கக் கோரி உயர் நீதிமன்றம் சென்றது ஹவேலி தாலுகா நாகரி கிருதி சமிதி என்ற உள்ளூர் அமைப்புதான். 2017, 2021 இணைப்புகள் அவ்வழக்கின் தொடர்ச்சியே. தமிழகத்திலிருந்து சென்றவர்கள் உள்படப் பல்லாயிரம் மென்பொருள் பணியாளர்கள் வேலை பார்க்கும் ஹிஞ்சவாடி, ஊராட்சியாகவே நீடித்தது. மழை வெள்ளத்தாலும் போக்குவரத்து நெரிசலாலும் சலித்துப்போன அப்பகுதிக் குடியிருப்போர், மாநகராட்சியுடன் சேர்க்குமாறு 2025இல் கோரினர். அடுக்குமாடியில் குடியேறியவருக்கு நகராட்சி நிர்வாகம் தேவைப்படுகிறது. நத்தத்தில் தலைமுறையாக வாழும் விவசாயிக்குக் குறைந்த வரி தேவைப்படுகிறது. ஒரே விகிதம் இருவருக்கும் பொருந்தாது.

தமிழகத்துக்கும் பொருந்தும்

இது மகாராஷ்டிரத்தின் சிக்கல் மட்டுமன்று. 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகளை இணைத்துச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2022இல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, பழைய சென்னையைவிடப் புதிய பகுதிகளுக்குக் குறைந்த உயர்வே விதிக்கப்பட்டது. இணைந்து 11 ஆண்டுகள் ஆனபின்னும் இரு பகுதிகளும் சமமல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று. 2025 ஜனவரியில் தமிழகத்தில் மேலும் பல ஊராட்சிகளை மாநகராட்சிகளுடனும் நகராட்சிகளுடனும் இணைக்கும் நடவடிக்கை தொடங்கியபோது, வீட்டு வரி உயரும், நூறு நாள் வேலை பறிபோகும் என்று கிராம மக்கள் போராடினர்.

புணேயின் அனுபவம் இவர்களுக்குச் சில தெளிவான பாடங்களைத் தருகிறது. வரிப் படிக்கட்டை நாட்காட்டியுடன் கட்டாமல் வசதிகளுடன் கட்ட வேண்டும். சுத்திகரித்த குடிநீர் வந்த பின்னரே குடிநீர் வரி, கழிவுநீர் இணைப்பு வந்த பின்னரே துப்புரவு வரி என்று சட்டத்திலேயே எழுதலாம். ஊராட்சி ஏற்றுக்கொண்டு ரசீது வழங்கிய சிறு வீடுகளை முறைப்படுத்த அவகாசம் தந்த பின்னரே அபராதத்தைப் பற்றிப் பேச வேண்டும். சொந்த வீட்டுச் சலுகையைப் படிவம் கேட்காமலே வழங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இணைப்பு நடந்த உடனேயே அப்பகுதிக்குத் தேர்தல் நடத்தியாக வேண்டும்.

2026 ஜனவரித் தேர்தலில், 2021இல் சேர்ந்த 23 கிராமங்களின் மக்கள் முதன்முறையாக மாநகராட்சிக்கு வாக்களித்தனர். வரியை நிர்ணயிக்கும் மன்றத்தில் அவர்களுக்கும் இனிக் குரல் உண்டு. நிறுத்திவைக்கப்பட்ட வரி எவ்வளவு, எப்போது, எந்த வசதிக்காக வசூலிக்கப்படும் என்பதைத் தெளிவுபடுத்துவதே அம்மன்றத்தின் முதற்கடமை. கிர்கட்வாடியின் குழாயில் சுத்திகரித்த தண்ணீர் வரும் நாளில், வரிச் சீட்டைப் பற்றிய சச்சரவில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.